டிசம்பரில் வந்த தீபாவளியும் சாக்லேட் குக்கீஸும்

என் மூக்கைப் பற்றி எனக்கு எப்போதுமே உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ட்ரையர் பார்க்கிறவன் நான். ஈரமாக உள்ளே போகிற தூள் மறுபக்கம் காய்ந்து விழும்போது, எப்போது வாசனை சரியாக இருக்கிறது, எப்போது தீயத் தொடங்குகிறது என்பதை மீட்டரைப் பார்க்காமல் மூக்காலேயே சொல்லிவிடுவேன். அப்படி நானேதான் சொல்லிக்கொள்கிறேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா இதுவரை என் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் மீட்டரைத்தான் பார்ப்பார்.

இந்த மூக்கை நம்பித்தான் ஒரு டிசம்பர் மாதம் சாக்லேட் குக்கீஸ் சுட இறங்கினேன். அதுவரை நான் அடுப்படியில் தனியாகச் செய்த பெரிய காரியம் முட்டை அவித்ததுதான்.

என் மனைவி அப்போது சைப்பிரஸில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். முதல் ஒப்பந்தம் முடிந்து லீவில் வந்துவிட்டு, இரண்டாவது தடவையும் போயிருந்தாள். மகள் படிக்க வேண்டும், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பின்னால் சமைக்க ஒரு குசினியும் படுக்க ஒரு அறையும் இழுத்துக் கட்ட வேண்டும் என்று போனவள். மகள் படித்து முடித்து ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். குசினி கட்டியாகிவிட்டது. அறைக்குக் கூரையும் ஏறிவிட்டது. இனியும் எதற்கு அவள் அங்கே இருக்க வேண்டும் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் மூன்றாவது தடவையும் போய்விடுவாளோ என்று நினைத்தாலே சோறு இறங்காது. ஆனால் அதை வாய் திறந்து கேட்க மட்டும் எனக்கு வராது.

முதல் லீவு முடிகிற சமயத்தில் அவள் என்னிடம் கேட்டாள்: "திரும்பவும் கூப்புடுறாங்க. போகவாங்க?"

"உன் இஷ்டம்" என்றேன். எவ்வளவு பெருந்தன்மையான புருஷன் என்று எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பெட்டியை அடுக்கத் தொடங்கினாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அவளால் வர முடியவில்லை. வேலை செய்கிற வீட்டு மேடத்தின் மாமியாருக்குக் காலில் ஆபரேஷன், கிறிஸ்மஸ் முடிந்த கையோடுதான் விடுவார்கள் என்று போனில் சொன்னாள். நான் "சரி, சரி" என்றேன். மகள்தான் போனைப் பிடுங்கினாள்.

"அப்ப நீங்க வந்த பொறகு தீவாளி வச்சுக்கலாம்மா. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காவிட்டால், அவர்கள் என்றைக்கு வருகிறார்களோ அன்றைக்குத்தான் அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும். அதனால் லயமே வெடி போட்டுக் கொண்டாடிய அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பாண் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்துக் காம்பராக்களிலிருந்து வந்த முறுக்கையும் அதிரசத்தையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வேறு விஷயம்.

நவம்பரில் கார்கோவில் ஒரு பெட்டி வந்தது. வழக்கமாக அவள் அனுப்பும் பெட்டியில் சோப்பு, ஷாம்பு, துவாய், சாக்லேட், எனக்கு ஒரு டீ-சேர்ட் என்று இருக்கும். இந்தப் பெட்டியில் சரக்கு கொஞ்சம் மட்டம். அவளுடைய இரண்டு குளிர்ச் சட்டை, ஒரு பழைய சட்டி, ஒரு கம்பளிப் போர்வை, ஒரு தலையணை. இதெல்லாம் ஏன் வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் தலையணை நல்ல தலையணை. நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. வெளிநாட்டுக்காரன் தலைக்கு அளவெடுத்தல்லவா செய்திருக்கிறான் என்று வியந்துபோனேன். என் கழுத்துவலியை நினைத்து அனுப்பியிருக்கிறாள் என்று அன்றைக்கே எடுத்து என் கட்டிலில் போட்டுக்கொண்டேன்.

"அப்பா, அது வந்து..." என்று மகள் ஏதோ சொல்ல வந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அதில் அவள் தலைக்கு வைக்கிற எண்ணெய் வாசனை லேசாக அடித்தது. பெட்டிக்குள் எண்ணெய்ப் போத்தல் ஏதாவது ஒழுகியிருக்கும் என்று இந்த மூக்கு முடிவு செய்தது.

பெட்டியின் அடியில் இன்னொரு சாமான் கிடந்தது. ஒரு குழாய், மேலே ஒரு கைப்பிடி, அடியில் மாற்றி மாற்றிப் போட வட்டத் தகடுகள். ஒரு தகட்டில் பூ, ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் கிறிஸ்மஸ் மரம். பார்த்ததும் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அவள் எனக்குப் போட்டோ அனுப்புவாள்: நீளமான மேசை நிறைய சாக்லேட் நிறக் குக்கீஸ், பூவும் நட்சத்திரமுமாக, மேலே வெள்ளி நிற மிட்டாய் மணிகளும் கலர் சீனியும் தூவி. "நல்லா இருக்காங்க?" என்று கேட்டிருப்பாள். அந்தப் போட்டோவை நான் ஸ்டோரில் காட்டாத ஆள் கிடையாது. கொழுந்து லொறி ஓட்டுகிறவர் வரைக்கும் பார்த்திருக்கிறார். அந்தக் குக்கீஸ் செய்கிற மெஷின் இப்போது என் கையில். இதை ஏன் அனுப்பியிருக்கிறாள்? வீட்டில் வந்து அதைச் சாப்பிட ஆசை, வேறென்ன?

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவள் வந்து இறங்கும்போது டப்பா நிறைய சாக்லேட் குக்கீஸ் தயாராக இருக்க வேண்டும். அவள் ஒன்றை எடுத்துக் கடிப்பாள். அங்கே கிடைக்கிறதெல்லாம் இங்கேயே கிடைக்கிறதே, பிறகு எதற்குப் போக வேண்டும் என்று தோன்றும். நான் எதுவும் கேட்க வேண்டியதே இல்லை. இதை மகளிடம் சொன்னேன்.

"அம்மா போகக் கூடாதுன்னா வாயத் தொறந்து சொல்லுங்கப்பா. குக்கீஸ் பேசாது."

"அதெல்லாம் பெரியவங்க விஷயம்."

"அப்ப மாவப் பெசையிறது?"

"அதுவும்தான்" என்றேன்.

மகள் போனில் ஒரு சமையல் வீடியோவைத் தேடி எடுத்தாள். அதில் ஒரு அம்மா நல்ல தமிழில், "பட்டரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுங்கள், அறை வெப்பநிலையிலேயே தானாக மெதுவாகிவிடும்" என்றார். எங்களிடம் ஃப்ரிட்ஜ் கிடையாது. அதனால் அந்த முதல் வேலையை ஏற்கெனவே முடித்தவன் போல மார்பை நிமிர்த்திக்கொண்டேன். பட்டர் வாங்கி மேசைமேல் வைத்தேன். மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தேன். செங்கல். அடுத்த நாளும் செங்கல்தான். அந்த அம்மாவின் அறை சென்னையில் இருக்கிறது, என் அறை கொட்டகலையில் மார்கழிப் பனியில் இருக்கிறது என்பது என் மண்டையில் ஏற இரண்டு நாளாயிற்று. எங்கள் மேசைக்கும் அவர் ஃப்ரிட்ஜுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஸ்டோரில் ட்ரையருக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிஷத்தில் இளகிவிடும். ஆனால் தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். பூ வைத்த பெண்களைக் கூட உள்ளே விடமாட்டார்கள். பட்டரோடு போனால் டீமேக்கர் ஐயா என்னையே வெளியே வைத்துவிடுவார். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் உருகி ஓடிவிடும் என்று மகள் பயமுறுத்தினாள். வீட்டில் மிதமான சூடுள்ள இடம் எது என்று ஆராய்ந்து பார்த்தேன். என் படுக்கைதான்.

அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பட்டரை ஒரு ஷொப்பிங் பையில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்து, கம்பளிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஐந்து நிமிஷம் அடைகாக்கலாம் என்று படுத்தேன். கண் அசந்துவிட்டது. எழுந்து பார்த்தபோது பையின் ஒரு மூலை கிழிந்து, சைப்பிரஸ் தலையணை பாதி பட்டரைக் குடித்திருந்தது. மீதி என் காதில். மகள் கதவருகில் நின்று சிரித்த சிரிப்புக்கு லயத்தில் இரண்டு நாய் குரைத்தது. தலையணையைத் திருப்பிப் போட்டு, மேலே வேறொரு உறையை மாட்டினேன். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பட்டரை மகள் என்னிடம் தரவேயில்லை. வடித்த சோற்றுப் பானையோடு ஒட்டி வைத்து, பக்குவமாக இளக வைத்தாள். சீனி, முட்டை, கோதுமை மா, கொக்கோத் தூள் எல்லாம் சேர்த்து அவளே பிசைந்தும் கொடுத்தாள். நான் செய்ய வேண்டியது அழுத்துவது மட்டும். குழாயில் மாவை நிரப்பி, தட்டில் மெஷினை நிறுத்தி, கைப்பிடியை ஒரு தடவை அமுக்கித் தூக்கினால் ஒரு பூ தட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். நானும் தூக்கினேன். பூ மெஷினோடு மேலே வந்துவிட்டது. மறுபடி அமுக்கினேன். முதல் பூவின் தலையில் இரண்டாவது பூ ஏறிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து மேலே வந்தன.

"தட்டுல எண்ணெ தடவுனீங்களா?"

"பின்ன? எண்ணெ தடவாம எந்தப் பலகாரம் சுடுறது?"

"தடவக் கூடாதுன்னு அந்த அம்மா மூணு தடவ சொன்னாங்கப்பா. தட்டு காஞ்சிருந்தாத்தான் மாவு ஒட்டும். ஒட்டுனாத்தான் மெஷினு விடும்."

தட்டைக் கழுவித் துடைத்து மறுபடி உட்கார்ந்தேன். இப்போது ஒட்டியது. ஆனால் என் கை கேட்கவில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டுத் தீபாவளிக்கு முறுக்கு உரலை அமுக்குகிற வேலை என்னுடையதுதான். கைப்பிடியை அமுக்கியதும் என் கை தானாக வட்டம் போடத் தொடங்கிவிட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. நட்சத்திரத் தகட்டில் சாக்லேட் முறுக்கு வந்தது. நிறுத்து, தூக்கு என்று ஒவ்வொன்றுக்கும் மகள் சத்தம் போட வேண்டியிருந்தது. அவள் சத்தத்தைக் கேட்டு எதிர்க் காம்பராவிலிருந்து என்ன சண்டை என்று எட்டிப் பார்த்தார்கள்.

எப்படியோ இரண்டு தட்டு நிரம்பியது. இனிச் சுட வேண்டும். எங்களிடம் ஓவன் இல்லை. ஆனால் டவுனில் ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், பேக்கரி வைத்திருக்கிறார். வருஷக் கடைசியில் பாண் இறக்கிய பிறகு, வீட்டுக்காரர்கள் கொண்டுவரும் கேக் தட்டுகளைத் தன் போறணையில் வைத்துச் சுட்டுக் கொடுப்பார். விறகு எரிக்கிற பெரிய அடுப்பு அது. தட்டுகளைத் துணியால் மூடி, இடுப்புக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம்.

"தணல் நல்லா இருக்கு அண்ணே. எப்ப எடுக்கணும்?" என்று நானா கேட்டார்.

"நான் சொல்றேன் நானா. மூக்குல வந்ததும் சொல்லிடுவேன்."

"அதானே. ஸ்டோரு ஆளுக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்று அவரும் என் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகள் போனில் நேரத்தைப் பார்த்துவிட்டு, "எடுத்துருவோமாப்பா?" என்றாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். சாக்லேட் மாவின் கஷ்டம் இதுதான்: வேகாததும் கறுப்பு, வெந்ததும் கறுப்பு, கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் நான் மூக்கைத் தீட்டிக்கொண்டு, தேயிலை பதமாகும்போது வருமே, அந்த வறுபட்ட வாசனைக்காகக் காத்திருந்தேன். நானாவும் கண்ணை மூடி முகர்ந்துகொண்டிருந்தார். அந்த வாசனை வந்தது. "இப்ப" என்றேன்.

கொக்கோ தேயிலையாக வாசமடிக்க வேண்டுமானால் அது கரியாக வேண்டும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இரண்டு தட்டும் அடுப்புக்கரி. பூவுக்குப் பூவாக, மரத்துக்கு மரமாக, அச்சு மட்டும் அழகாக இருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவர் உள்ளே எட்டி, "என்னங்க, கரண்டு வயரு பத்திக்கிச்சா?" என்று கேட்டார். என் மானம் கொட்டகலை பஜாரிலேயே கப்பலேறியது. நானா மட்டும் ஒன்றை உடைத்து வாயில் போட்டு, "உள்ளுக்க கொஞ்சம் நல்லா இருக்கு அண்ணே" என்றார். நல்ல மனிதர்.

மூன்றாவது பட்டர் வாங்கிச் செய்த தடவை என் மூக்குக்கு வேலை இல்லை. மகள் போனில் அலாரம் வைத்தாள். அது அடித்ததும் நானா தட்டை இழுத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். குக்கீஸ் குக்கீஸாகவே வெளியே வந்தன. வீட்டுக்கு வந்ததும், அலங்காரம் மட்டும் நான்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தேன். சாக்லேட்டை உருக்கி மேலே கோடு போட்டு, அது காய்வதற்குள் வெள்ளி மணியும் கலர் சீனியும் தூவ வேண்டும். எங்கள் குளிரில் சாக்லேட் கரண்டியிலிருந்து கீழே வருவதற்குள்ளேயே இறுகியது. தூவிய மணிகளெல்லாம் உருண்டு தரையில் ஓடின. ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, நாக்கில் தொட்டு ஒட்டினேன். இதை மகளிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை. பூவெல்லாம் சப்பையாகக் கிடந்தன. மரங்கள் கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி மாதிரி நின்றன. போதாததற்கு, வீடு வருவதற்குள்ளேயே பஸ்ஸின் குலுக்கலில் பாதிக்கு மேல் உடைந்திருந்தது. முழுசாக, நேராக, மணி உதிராமல் ஒரே ஒரு மரம் தேறியது. அதை டப்பாவின் மேலே வைத்து மூடினேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வான் வண்டி பிடித்து அவளைக் கூட்டிவந்தோம். மலை ஏறத் தொடங்குகிற கினிகத்தேனையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோது அவள் வெளியே இறங்கி, மூச்சை நன்றாக இழுத்து, "குளிர் வந்துருச்சு" என்று சிரித்தாள். நான் அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சின்னப் பெட்டி. சீக்கிரம் திரும்புகிறவள்தான் இவ்வளவு கொஞ்சமாகக் கொண்டுவருவாள் என்று கணக்குப் போட்டு, கொட்டகலை வரைக்கும் எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஏன் ஒரு மாதிரி இருக்கிறீங்க என்று அவள் கேட்டாள். வான் வண்டியில் வந்தது தலைசுற்றுகிறது என்றேன்.

மறுநாள் எங்கள் தீபாவளி. விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். புது உடுப்பு, சாமி கும்பிடல், மகள் வாங்கி வைத்திருந்த ஒரு கட்டு வெடி. வெடிச் சத்தம் கேட்டு, டிசம்பரில் இதென்ன என்று லயமே வாசல் இஸ்தோப்புக்கு வந்து பார்த்து, அவளை நலம் விசாரித்துவிட்டுப் போனது. பிறகு மூன்று பேரும் புதுக் குசினியில் உட்கார்ந்தோம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு டப்பாவை அவள் முன்னால் வைத்துத் திறந்தேன்.

அவள் பார்த்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் அப்படியே சுண்டிப்போயிற்று.

"என்னாங்க இது?"

"குக்கீஸ். நானே செஞ்சது. நீ அனுப்புன மெஷின்ல."

"அய்யோ கடவுளே" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "போன வாரம் பூரா இதத்தாங்க அமுக்கிக்கிட்டு இருந்தேன். அந்தத் தெரு பூராவுக்கும் டப்பா டப்பாவா குடுக்கணும் அவங்களுக்கு. இங்க பாருங்க." வலது கையை விரித்துக் காட்டினாள். கட்டைவிரல் அடியில் தோல் காய்த்துத் தடித்திருந்தது. "மேடம் புதுசு வாங்குனதால பழச என் தலையில கட்டுனாங்க. வேணாம்னு சொல்ல முடியல. இந்த எழவ இனி பாக்கவே கூடாதுன்னுதான் பெட்டிக்கு அடியில போட்டேன்."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஸ்டோர் முழுக்கக் காட்டிப் பீற்றிக்கொண்ட போட்டோக்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. "நீதான போட்டோ அனுப்புவ, நல்லா இருக்கான்னு கேப்ப?" என்றேன்.

"வேற யாருகிட்டங்க கேக்குறது? அவங்க எண்ணிப் பாத்து டப்பாவுல போட்டு மூடிருவாங்க. ஒடஞ்சதுதான் எனக்கு."

டப்பாவை எட்டிப் பார்த்தேன். உள்ளே பெரும்பாலும் உடைந்ததுதான் இருந்தது. டப்பாவை மூடி எங்காவது ஒளித்துவிடலாம் என்று கையை நீட்டினேன். அவள் தடுத்தாள். கொஞ்ச நேரம் விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, மேலே இருந்த அந்த ஒரே முழு மரத்தை எடுத்தாள். வெள்ளி மணிகளைத் தடவிப் பார்த்தாள். கடித்தாள். மெதுவாக, கடைசித் துண்டு வரை சாப்பிட்டாள்.

"கொஞ்சம் கருகியிருக்கு" என்றாள். பிறகு, "முழுசா ஒண்ணு நான் சாப்புட்டதே இல்லீங்க. இதான் மொதத் தடவ" என்றாள்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எதுக்குங்க இவ்வளவு பாடு?"

"சும்மாதான். தீவாளிக்கு."

எதிரே இருந்து மகள் என்னை முறைத்தாள். அந்த முறைப்பு எனக்குப் புரிந்தது. அவள் இரண்டு தடவை மாவு பிசைந்து என்னோடு மல்லுக்கட்டியவள். நான் வாயைத் திறந்தேன். வழக்கம்போல 'உன் இஷ்டம்' என்பதுதான் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்க எனக்கு ஒரு வாய்த் தேத்தண்ணி தேவைப்பட்டது.

"போகாத" என்றேன். "திரும்பப் போகாத. நீ இல்லாம எனக்கு இங்க முடியல."

அவள் எழுந்து உள்ளே போனாள். போச்சு, கேட்டிருக்கவே கூடாது, பெருந்தன்மையாக இருந்திருக்கலாம் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் கையில் என் தலையணை இருந்தது.

"இது யாருதுன்னு நெனச்சீங்க?"

"நீ எனக்கு அனுப்புனது. கழுத்துவலிக்கு."

"என் தலகாணிங்க இது! நான் படுத்துப் படுத்துப் பள்ளம் விழுந்த தலகாணி." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "போர்வ, சட்டி, தலகாணின்னு எல்லாத்தையும் கட்டி முன்னாடியே அனுப்பிட்டு, கைல ஒத்தப் பெட்டியோட வந்து நிக்கிறேன். லீவுல வர்றவ எவளாவது தலகாணிய அனுப்புவாளா? இனிமே வரமாட்டேன்னு மேடத்துக்கிட்ட அக்டோபர்லயே சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல? ஒரு வார்த்த, போகாதன்னு நீங்க சொல்றதக் கேக்கணும்னு எனக்கு இருக்காதா? அதுக்குத்தான் இவகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனேன்."

மகளைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவள் என்னைப் பட்டரோடு படுக்க விட்டிருக்கிறாள். அவள் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"அது சரி," என்று என் மனைவி தலையணையை முகத்தருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "என் தலகாணில எப்படிங்க பட்டரு வந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு மகள் விடிய விடியக் கதை சொல்வதுபோல நீளமாகப் பதில் சொன்னாள், என் காதில் வழிந்த பட்டர் உட்பட. சிரித்துச் சிரித்து என் மனைவிக்குப் புரையேறியது. அந்த எண்ணெய் வாசனை அவள் தலை வாசனைதான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. என் மூக்கைப் பற்றி அன்றிலிருந்து நான் ஸ்டோரில் பேசுவதில்லை.

தலையணையை அன்றைக்கே துவைத்து லயத்து முன் கொடியில் போட்டாள். எங்கள் டிசம்பர் பனியில் அது பொங்கல் வரைக்கும் காயவில்லை. அதுவரைக்கும் இரண்டு பேரும் என் பழைய தலையணையில்தான் தலை வைத்துப் படுத்தோம்.